கோயம்புத்தூர் பக்கமிருந்து சொந்தக் கார்லயே ராஜஸ்தான் பாலைவனம் போயிட்டு வர முடியுமா? ஜெய்சல்மேர் தவிர பாக்கறதுக்கு ஊர் ஏதாச்சும் இருக்கா?

தாராளமா போலாமுங்க. ஆனா நான் போனது சுத்திப் பாக்கறதுக்கு இல்ல, பாக்கி வசூல் பண்றதுக்கு. அதனால என் ரூட்டு கொஞ்சம் கோணலா இருக்கும், பொறுத்துக்கங்க.

நமக்கு பள்ளிபாளையம், தறிப்பட்டறை. எங்க பக்கம் ஓடற ரயான் காடா துணி பேல் பேலா லாரி ஏறி ராஜஸ்தான்ல பாலோத்ரா, ஜெய்ப்பூர்னு போகும், சாயம் பிரிண்டு எல்லாம் அங்கதான். பாலோத்ராவுல ஒரு பார்ட்டி எட்டு மாசமா இன்னிக்கு நாளைக்குன்னு போன்லயே நாயம் பேசிட்டு இருந்தாரு. பொங்கலுக்கு எப்படியும் தறி பத்து நாள் நிக்கும், ஆளுங்க ஊருக்கு போயிருவாங்க, சரி நேர்லயே போயி கடையில உக்காந்துக்கலாம்னு நானும் மச்சானும் பழைய டீசல் டிசையர எடுத்துட்டு கெளம்பிட்டோம். மச்சான் சூரத்துல ஆறு வருஷம் இருந்தவரு, இந்தி தண்ணிபட்ட பாடு. எனக்கு 'கித்னா' தெரியும், 'நை' தெரியும், அவ்வளவுதான்.

போற வழி பெருசா ஒண்ணுமில்ல. சேலம், பெங்களூரு தாண்டி ஹூப்ளில மொத ராத்திரி, புனே தாண்டி வாபில ரெண்டாவது, அகமதாபாத் தாண்டி பாலன்பூர்ல மூணாவது, நாலாம் நாள் மத்தியானம் பாலோத்ரா. 2,100 கிலோமீட்டருக்கு மேல ஆகும். ரோடு முக்காவாசி நாலு வழி, ஆறு வழிதான், பாஸ்டேக்ல மட்டும் காசு போட்டுட்டே இருக்கோணும். ஒரே ஆள் ஓட்டாதீங்க, ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டுங்க.

பாலோத்ராவ எந்த டூரிஸ்ட்டுக்கும் நான் சொல்ல மாட்டேன், ஆனா திருப்பூர் ஈரோட்டுக்காரனா இருந்தா ஒருக்கா போய்ப் பாக்கோணும். ஊருக்குள்ள பூந்ததும் சாயப்பட்டறை வாசம் மூக்குல அடிச்சுது, கண்ண மூடிட்டா வீரபாண்டி பிரிவுல நிக்கிறாப்புல இருந்துச்சு. லூனின்னு ஒரு ஆறு, அஜ்மீர் பக்கம் ஆரவல்லில பொறந்து கடலுக்கே போய்ச் சேராம குஜராத்துல கட்ச் ரண்ணுங்கற உப்புச் சதுப்புல போயி அடங்கிருது. பாலோத்ரா தாண்டினா தண்ணி உப்பாயிரும், அந்தப் பேருக்கே உப்பாறுன்னுதான் அர்த்தமாம், நம்ம தாராபுரத்துப் பக்கம் ஒரு உப்பாறு இருக்கறாப்புல. நாங்க போனப்ப ஆத்துல தண்ணியே இல்ல, மணல்ல மட்டும் கருநீலமா பத்து புடிச்சிருந்துச்சு. நொய்யல்ல சாயத்தண்ணி போயி ஒரத்துப்பாளையம் அணை எப்படி ஆச்சு, 2011ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொன்னப்ப எத்தனை பேரு தொழில விட்டுட்டுப் போனாங்கன்னு நமக்குத் தெரியுமில்லீங்களா, அதே கதை அங்கயும் கோர்ட்டு கேசுன்னு ஓடிட்டிருக்கு.

பார்ட்டி டீ வாங்கிக் குடுத்தாரு, கச்சோரி வாங்கிக் குடுத்தாரு, காசு மட்டும் "அஞ்சு நாள் கழிச்சு"ன்னாரு. மச்சான் என்னயப் பாத்து, "மாப்ள, இத்தனை தூரம் வந்தாச்சு, திரும்பிப் போயிட்டு வரவா முடியும்? பாலைவனத்தப் பாத்துட்டு வந்து மறுபடி உக்காரலாம்"னாரு. டூரு அப்படித்தான் ஆரம்பிச்சுது.

பார்மர்ல ஒரு ராத்திரி. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள கிராடுன்னு ஒரு எடம், பழைய சிவன் கோயிலுங்க, பாதி இடிஞ்சு கெடக்கு, தூண்ல இருக்கற சிற்பம் எல்லாம் சும்மா சொல்லக்கூடாது. பொழுது எறங்குனதுக்கப்பறம் அங்க தங்கினா கல்லாயிருவாங்கன்னு ஊர்க்காரங்க நம்பறாங்க, அதனாலயோ என்னமோ ஒரு கடை கிடை கெடையாது. தண்ணி கையோட கொண்டு போங்க.

பார்மர்ல இருந்து ஜெய்சல்மேர் 155 கிலோமீட்டர். இந்த ரோடுதான் எனக்கு இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்லன்னா நிசமாவே ஒண்ணுமில்ல, அங்கொண்ணு இங்கொண்ணு வன்னி மரம் மட்டும். ஆமாங்க, நம்ம கோயில்ல இருக்கற அதே வன்னிதான், அங்க கேஜ்ரிங்கறாங்க, ராஜஸ்தானோட மாநில மரம். காயப் பறிச்சு காய வச்சு சாங்கிரின்னு கறி வைக்கிறாங்க, கம்பு ரொட்டிக்கு தொட்டுக்க அதுதான், நல்லா புளிப்பும் காரமுமா இருக்கும். கம்ப மாவாக்கி மோர்ல கரைச்சு காய்ச்சி ராப்னு ஒண்ணு குடுத்தாங்க, எங்க ஆத்தா ஊத்தற கம்பங்கூழேதான், சின்ன வெங்காயம் மட்டுந்தான் இல்ல.

பாதி தூரத்துல ரோட்டோரமா ரெண்டு லாரி. ஒண்ணு போர்வெல் போடற ரிக்கு, இன்னொண்ணு கம்ப்ரசர். நம்பர் பிளேட்டப் பாத்தா டிஎன் 34! திருச்செங்கோட்டு வண்டி! காரை அப்படியே ஓரங்கட்டிட்டு "ஏனுங், எந்தூருங்?"னு கத்தினேன். டென்ட்டுக்குள்ள இருந்து லுங்கியோட ஒருத்தர் எட்டிப் பாத்து "மல்லசமுத்திரமுங், வாங்க, சோறு வெந்துட்டு இருக்குது"ன்னாரு. ஊர விட்டு வந்து நாலு மாசம் ஆச்சாம். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி போகாத மாநிலமே இல்லைன்னு சொல்லிக் கேட்டிருக்கேன், பாலைவனத்துல ரசஞ்சோறு சாப்புடுவேன்னு நெனைக்கல.

அவருகிட்ட நான் கேட்ட மொத கேள்வியே, இங்க எத்தனை அடில தண்ணி வருதுன்னுதான். எங்கூர்ல 1,000 அடி போட்டும் பொகைதான் வருது, அந்த வயித்தெரிச்சல். அவரு சிரிச்சாரு. "தண்ணி எல்லாம் வந்துருமுங்க, ஆனா வாயில வெக்க முடியாது, ஆடே மூஞ்சியத் திருப்பிக்கும். குடிக்கறதுக்கு இவங்க நம்மள நம்பறதில்ல, அதோ அத நம்பறாங்க"ன்னு பக்கத்துல இருந்த ஒரு வீட்டக் காட்டினாரு.

அது டாங்கா. வீட்டு முன்னால தரைய வட்டமா, நடுவுல சரியறாப்புல, மெழுகி வச்சிருக்காங்க. நடுவுல பூமிக்குள்ள கெணறாட்ட தொட்டி, மேல மூடி, மூடிக்கு பூட்டு. மழைக்காலத்துக்கு முன்னாடி தரையக் கூட்டி சுத்தம் பண்ணி வச்சிருவாங்க, செருப்புக் காலோட மிதிக்க விடமாட்டாங்க, பேயற மழை பூராவும் தொட்டிக்குள்ள. ஜெய்சல்மேர் பக்கமெல்லாம் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூட பேயாது. நான் வியாபாரிங்களே, ஒடனே போன்ல கணக்கு போட்டேன்: 100 சதுர மீட்டர் தரை, 200 மில்லி மழைன்னா 20,000 லிட்டர். ஒரு குடும்பத்துக்கு குடிக்க, சமைக்க பல மாசம் தாங்கும். எங்க பக்கம் அறுநூறுக்கு கொறையாம பேயுது, நான் மொட்டமாடித் தண்ணிய பைப்பு வச்சு சாக்கடைக்கு விட்டுட்டு லாரித் தண்ணிக்கு காசு குடுத்துட்டு இருக்கேன். மச்சான் ஒண்ணும் சொல்லல, என்னய ஒரு பார்வை பாத்தாரு, அவ்வளவுதான். அவரு வீட்லயும் அதே கதைதான்ங்கறது வேற விசயம்.

ஜெய்சல்மேர் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. 1156ல கட்டின கோட்டை, இன்னமும் உள்ள ஜனங்க குடியிருக்காங்க, பொழுதோட வெயில்ல மஞ்சக்கல்லு மின்னறதப் பாருங்க, போதும். சாம் மணல்மேட்டுக்கு எல்லாரும் போவாங்க, நான் வேண்டாம்பேன், டென்ட்டு டென்ட்டுக்கு ஸ்பீக்கர் வச்சு கல்யாண மண்டபமாட்டம் இருக்குது. அதுக்கு பதிலா தெக்கால 50 கிலோமீட்டர் கிட்ட இருக்கற கூரி போங்க, மண்ணு வீடு, அமைதி. போற வழில குல்தாராவும் பாத்துட்டுப் போலாம், பாலிவால்னு ஒரு சமூகம் ஊரையே காலி பண்ணிட்டுப் போனதா சொல்ற எடம். பேய் கதை சொல்லுவாங்க, அத விடுங்க. அந்த ஆளுங்க மழைத்தண்ணிய மண்கரை போட்டு மறிச்சு, தண்ணி வத்தினதுக்கப்பறம் அந்த ஈரத்துலயே கோதுமையும் கொண்டக்கடலையும் வெதைச்சிருக்காங்க, கடீன்னு பேரு, இன்னமும் சில எடத்துல நடக்குது. பேய விட இதுதான் எனக்கு ஆச்சரியம்.

கூரியில நான் ஒரு கோளாறு பண்ணினேன். ரோட்டுலயே மணல் ஏறிக் கெடந்துச்சு, சுத்திப் போலாம்னு எறக்கினேன், முன் சக்கரம் பொதைஞ்சுது, பதட்டத்துல ஆக்சிலேட்டர மிதிச்சேன், அடித்தட்டு வரைக்கும் உள்ள போயிருச்சு. ஆடு மேச்சுட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் வந்து மொதல்ல எஞ்சின நிறுத்தச் சொன்னாரு. டயர்ல காத்த பாதி எறக்கச் சொன்னாரு, 33ல இருந்தத 18க்கு கொண்டாந்தோம். சக்கரத்துக்கு முன்னால மணல கையாலயே தோண்டி, எருக்கஞ்செடிய ஒடிச்சுட்டு வந்து பரப்பி, ரெண்டாவது கியர்ல மெதுவா விடச் சொன்னாரு. வந்துருச்சு. 200 ரூவா கேட்டாரு, எண்ணிப் பாத்து வாங்கிட்டாரு, நாயமான கூலி. கார்ல சொருகற காத்து பம்பு ஒண்ணு கட்டாயம் வச்சுக்கங்க, காத்த எறக்கிட்டு அப்படியே தார் ரோட்டுல ஓட்டினா டயர் போயிரும்.

மறுநா ராம்கட் வழியா தனோட், 120 கிலோமீட்டர். ராம்கட்லயே டேங்க ரொப்பிருங்க. தனோட் கோயில எல்லைப் பாதுகாப்புப் படைதான் பாத்துக்குது, 1965 சண்டைல விழுந்து வெடிக்காத குண்டுகள உள்ள வச்சிருக்காங்க. திரும்பறப்ப லோங்கேவாலா, 1971 டிசம்பர்ல நம்ம ஆளுங்க 120 பேரு ராத்திரி பூரா பாகிஸ்தான் டேங்குப் படைய நிறுத்தி வச்ச எடம், புடிச்ச டேங்கு அங்கயே நிக்குது. இந்தப் பக்கமெல்லாம் கரண்டு எடுக்கற காத்தாடி எக்கச்சக்கம், உடுமல கேத்தனூர் பக்கம் வந்துட்டமான்னு தோணும். ஆனா அந்தக் கரண்டு கம்பிலதான் கானமயிலு அடிபட்டுச் சாவுது, நாட்டுலயே வெளிக்காட்டுல சுமாரா நூத்தம்பதுதான் மிச்சம் இருக்கற பறவை. நாங்க ஒண்ணுகூட பாக்கல, சிங்காரா மானு மட்டும் பாத்தோம்.

பொக்ரான் வழியா, 1974லயும் 1998லயும் அணுகுண்டு சோதனை நடந்த ஊருதான், அதத் தாண்டி பலோடி பக்கத்துல கீச்சன்னு ஒரு கிராமம். உங்க லிஸ்ட்டுல ஒரே ஒரு ஊரு சேக்கறதா இருந்தா இத சேருங்க. மங்கோலியா பக்கமிருந்து இமயமலை தாண்டி கொக்காட்டம் ஒரு பறவை வருது, குர்ஜாங்கறாங்க. காலைல ஊருக்குள்ள வேலி போட்ட ஒரு எடத்துல மூட்டை மூட்டையா தானியத்தக் கொட்டி வைக்கிறாங்க, ஆயிரக்கணக்குல எறங்குது, சத்தத்துல பக்கத்துல நிக்கறவரு பேசறது கேக்காது. எத்தனையோ வருஷமா ஊரே சேந்து தீனி போடுது. மச்சான் ஒரு மணி நேரம் பீடியே பத்த வெக்கல.

இதெல்லாம் மார்கழி தைல மட்டும் பண்ணுங்க. அந்த பலோடிலதான் 2016 மே மாசம் 51 டிகிரி அடிச்சுது, அப்ப நாட்டுலயே அதுவரைக்கும் பதிவானதுல அதுதான் எச்சு. தைல ராத்திரி குளுரு பல்லு கிட்டும், ஸ்வெட்டர் வேணும். அப்பறம், பொழுது எறங்கிட்டா வண்டி ஓட்டாதீங்க, மாடும் ஒட்டகமும் சூடு தேடி தார் ரோட்டுல வந்து படுத்துக்கும், ஒட்டகக் காலு மட்டுந்தான் லைட்டுல தெரியும், ஒடம்பு கண்ணாடிக்கு நேரா வரும்.

ஜோத்பூர் வழியா அஞ்சாம் நாள் சாயந்தரம் பாலோத்ரா திரும்பிட்டோம். மறுபடியும் டீ, மறுபடியும் கச்சோரி. பாதிக் காசு குடுத்தாரு. மீதிய ரெண்டு மாசத்துல அனுப்பறேன்னாரு, இன்னமும் வரல. ஊர் வந்து சேந்தப்ப ஓடோமீட்டர்ல 5,400 கிலோமீட்டர், டீசலும் டோலும் ரூமுமா வசூலான காசுல ஒரு பங்கு போயிருச்சு. போன வாரம் போன் பண்ணினேன், அடுத்த தைக்கு நேர்ல வாங்கங்கறாரு. இந்த தடவை நானும் வரேன், கீச்சன் பறவையப் பாக்கோணும்னு வீட்டுக்காரி இப்பவே பைய எடுத்து வச்சிருக்கா.