பக்கத்து வீட்டு சிகரெட் புகை: கேள்வி பதில்

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை பக்கம் 20 வருடமாக ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் வேலை பார்க்கிறேன். புகை எந்த வழியாக வருகிறது என்று தேடிப்போன வீடுகள் நிறைய. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொளத்தூரில் இருந்து ஒரு அக்கா: ஜன்னல் எல்லாம் அடைத்துத்தான் வைக்கிறோம். அப்படியும் ராத்திரி பாத்ரூமில் சிகரெட் நாற்றம். எப்படி அண்ணா?

அடைத்ததுதான் காரணமாக இருக்கும் அக்கா. அந்த நேரம் சமையலறை எக்ஸாஸ்ட் ஓடுகிறதா? அது வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வீட்டுக்குள் காற்று வந்தே ஆகணும். ஜன்னல் மூடியிருந்தால் பாத்ரூம் வென்டிலேட்டர், பைப் ஓட்டை, கதவு இடுக்கு என்று கிடைத்த வழியில் இழுக்கும். கீழ் வீட்டுக்காரர் தன் பாத்ரூமில் பிடித்தால், எல்லா வீட்டு வென்டிலேட்டரும் திறக்கிற அந்தச் சந்து வழியாகப் புகை மேலே ஏறி உங்களிடம் வந்துவிடும்.

தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. வாஷ்பேசினுக்குக் கீழே, பைப் சுவருக்குள் போகிற இடத்தில் இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. அங்கே ஊதுபத்தியைக் காட்டினேன். எக்ஸாஸ்ட்டைப் போட்டதும் புகை அப்படியே வீட்டுப் பக்கம் படுத்தது. நிறுத்தியதும் நேராக எழுந்தது. நீங்களும் இப்படிப் பாருங்கள். ஓட்டையை வெள்ளை சிமெண்ட் வைத்து அடையுங்கள். எக்ஸாஸ்ட் போடும்போது புகை வராத பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள்.

ராயபுரம் தம்பி: பக்கத்து பால்கனி புகை, மதியத்துக்கு மேல்தான் மோசம்.

அவர் வீடு கிழக்குப் பக்கமா? அப்படியென்றால் கடல் காற்றுதான் கொண்டு வருகிறது. காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வேறு பக்கம் திறங்கள்.

வியாசர்பாடி: ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா?

ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. நாற்றத்துக்குக் கார்பன் ஃபில்டரும் வேணும். வழியை அடைக்காமல் மெஷின் வாங்கினால் காசுதான் போகும். சாம்பிராணி போட்டு மறைக்கவும் வேண்டாம், அதுவும் புகைதான்.

திருவொற்றியூர்: போலீசில் புகார் கொடுக்கலாமா சார்?

பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை, அபராதம் 200 ரூபாய் வரை. ஆனால் சொந்த வீட்டுக்குள் பிடிப்பவரை அந்தத் தடை தொடாது. மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடியில் பிடிக்கக்கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். அதிலேயே பாதித் தொல்லை குறையும்.

புளியந்தோப்பு: கீழ் வீட்டில் வயதானவர். என் பையனுக்கு வீசிங். எப்படிச் சொல்வது அண்ணா?

அவர் கையில் சிகரெட் இருக்கும்போது போகாதீர்கள், சண்டையில்தான் முடியும். காலையில் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். "ஐயா, பையனுக்கு ராத்திரி இளைக்குது. நீங்க பிடிக்கிற ஜன்னலுக்கு நேர் மேலதான் அவன் படுக்கிறான்" என்று சொல்லுங்கள். புகை மேலே ஏறுவது நிறைய பேருக்கு உண்மையிலேயே தெரியாது. விடுங்கள் என்று கேட்பதைவிட, இடம் மாறிப் பிடியுங்கள் என்று கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். அவரே விட நினைத்தால் 1800 11 2356 என்ற அரசின் இலவச எண்ணைக் கொடுங்கள். பையனையும் அதுவரை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

கொருக்குப்பேட்டை: வாடகை வீடு. பாத்ரூம் வென்டிலேட்டரை முழுசாக அடைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். உள்ளே கேஸ் கீசர் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரே போகும், அதற்கு வாசனையும் கிடையாது. பைப் ஓட்டைகளை மட்டும் ஓனரிடம் சொல்லிவிட்டு அடையுங்கள்.