நோபல் வாங்கினவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

கேள்வி: என் மாமனாருக்கு நுரையீரல் டி.பி. அரசு மருத்துவமனை மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகப்போகிறது, இருமல் நின்றுவிட்டது. இப்போது நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஓர் இடத்துக்குப் போய்வருகிறார். கிருமி விடும் மின்காந்த அலையைக் கண்டுபிடித்து, எதிர் அலை கொடுத்துக் கொல்லும் மெஷினாம். எய்ட்ஸ் வைரஸைக் கண்டுபிடித்த லுக் மோந்தானியே சொன்னது என்று வாட்ஸ்அப்பைக் காட்டுகிறார். "மாத்திரை வயிற்றை எரிக்கிறது, நிறுத்திடலாம்" என்று வேறு பேச்சு. நான் ஏதாவது சொன்னால், "நோபல் வாங்கினவரைவிட உனக்குத் தெரியுமாம்மா?" என்கிறார். என்ன செய்ய?
- ஒரு மருமகள், ஈரோடு

பதில்: மாத்திரையை நிறுத்த விடாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம். டி.பி.க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதத்திலேயே பெரும்பாலான கிருமி செத்துவிடும், ஆளும் தெளிந்துவிடுவார். மிச்சம் இருப்பது லேசில் சாகாத கிருமி, பாதியில் விட்டால் அதுதான் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம். இந்த மெஷின்காரர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள், மாத்திரை பெரும்பாலான வேலையைச் செய்து முடித்த நேரத்தில் வந்து பேரைத் தட்டிக்கொண்டு போகலாம். வயிற்றெரிச்சலை டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மட்டும் அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, நோபல்காரருக்கு வருவோம். மோந்தானியே டுபாக்கூர் ஆள் இல்லை, அதில் உங்கள் மாமனார் சொல்வது சரிதான். 1983 ஜனவரியில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த அவருடைய லேபுக்கு, ஒரு நோயாளியின் நிணநீர்க்கட்டியில் வெட்டி எடுத்த சின்னத் துண்டு வந்தது. அந்தச் செல்களை வளர்த்து, விடாமல் சோதித்து, ரெட்ரோவைரஸ் என்ற வைரஸ் வகைக்கே உரிய நொதி அதில் வேலை செய்வதைப் பிடித்தவர் அவருடன் இருந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி. செல்கள் சாக ஆரம்பித்ததும் ரத்த வங்கியிலிருந்து புது வெள்ளையணு வாங்கிச் சேர்த்தார்கள், அதிலும் வைரஸ் தொற்றியது. மே மாதம் கட்டுரை வெளிவந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ராபர்ட் காலோ குழுவும் வைரஸைக் காட்ட, யார் முதலில் என்று இரு நாட்டுக்கும் பெரிய சண்டையே நடந்தது. சண்டை எதைப் பற்றி என்பதைக் கவனியுங்கள், வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி இல்லை. யார் தேடினாலும் கிடைத்தது. ரத்தப் பரிசோதனையும் அதிலிருந்துதான் வந்தது. 2008-ல் அவருக்கும் பாரே-சினூசிக்கும் கிடைத்த நோபல் இந்த வேலைக்கு.

அலை விஷயம் 2009-ல். பாக்டீரியா வளர்த்த நீரை வடிகட்டி, அதைத் தண்ணீரில் மேலும் மேலும் நீர்த்து, ஒவ்வொரு தடவையும் வேகமாகக் குலுக்கி, குழாயைச் செம்புக் கம்பிச் சுருள் பக்கத்தில் வைத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார். நன்றாக நீர்த்ததில் சமிக்ஞை வருகிறதாம், கெட்டியாக இருப்பதில் வராதாம், தண்ணீரில் டி.என்.ஏ.வின் பதிவு தங்கிவிடுகிறதாம். சுற்றிலும் மின்சாரம் ஓடும் அறையில் அப்படி ஒரு சுருள் எதை வேண்டுமானாலும் பிடிக்கும். எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்று சோதிப்பவருக்கே தெரியாமல் வைத்துப் பார்த்தால்தான் நம்பலாம். தண்ணீருக்கு ஞாபகம் உண்டு என்று 1988-ல் சொன்ன பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் பென்வெனிஸ்தின் சோதனை அந்த இடத்தில்தான் படுத்தது, மோந்தானியே எடுத்துக்கொண்டதும் அவர் வழியைத்தான். கட்டுரை வந்தது மோந்தானியேவே ஆசிரியர் குழுத் தலைவராக இருந்த இதழில், அனுப்பி மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டார்கள்! பிறகு, பதிவு செய்த அலையை வெறும் தண்ணீருக்குக் கொடுத்து பி.சி.ஆர். செய்தால் அதே டி.என்.ஏ. கிடைக்கிறது என்றார். பி.சி.ஆர். என்பது துளி டி.என்.ஏ. எங்கிருந்தாவது ஒட்டிக்கொண்டாலே கோடிக்கணக்கில் நகலெடுக்கும் சோதனை, அதை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இவ்வளவுக்கும், அந்த 2009 கட்டுரையில்கூட அலை வருகிறது என்றுதான் இருக்கிறதே தவிர, எதிர் அலை விட்டு டி.பி.யைக் கொல்லலாம் என்று இல்லை. அவர் சொல்லாததை அவர் பேரில் அனுப்புவதும் புதிதில்லை. தடுப்பூசி போட்டவர்கள் எல்லாரும் இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்று 2021-ல் அவர் பேரில் நம் ஊர் குரூப்களில் சுற்றியது ஞாபகம் இருக்கும். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் நிஜமாகவே தடுப்பூசிகளுக்கு எதிராகப் பேசியது தனிக்கதை, 2017-ல் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ விஞ்ஞானிகள் அதைக் கண்டித்தார்கள். 2022 பிப்ரவரியில் இறந்துபோனார்.

மின்காந்தம் உடம்பை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ. இருக்கிறது, கூடாத எலும்பைக் கூட்டக் காந்தத் துடிப்பு கொடுக்கிறார்கள், மனச்சோர்வு நோய்க்கு மூளையில் காந்தத் தூண்டல் கொடுக்கிறார்கள். இதற்கெல்லாம் எவ்வளவு, எத்தனை நேரம், யாருக்கு என்று கணக்கு உண்டு. உங்கள் மெஷின்காரரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மாமனாரிடம் "அந்த நோபல்காரர் தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள், பெரியவர் முறுக்கிக்கொள்வார். "1983-ல் அவர் செய்ததை மற்றவர்களும் செய்து பார்த்தார்கள் மாமா, இதை யாரும் அப்படிக் காட்டலையே" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் இறங்கி வராவிட்டால், மெஷினுக்குப் போவதில் மல்லுக்கட்ட வேண்டாம், மாத்திரையை மட்டும் உங்கள் கண்முன் விழுங்கச் சொல்லுங்கள். இரண்டாவது மாத முடிவில் சளிப் பரிசோதனை எடுப்பார்கள், அதற்கு அவருடன் நீங்களும் போங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளுக்கு, பரிசோதனையும் தடுப்பு மருந்தும் உண்டு, இதுவரை யாரும் சொல்லாவிட்டால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.