சராசரி ஒன்று என்றால் ஒன்று வருமா? நிகழ்தகவு கேள்வி-பதில்

உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். மணிக்குச் சராசரியாக 3 அழைப்புகள் வரும். 20 நிமிடம் எழுந்து போனால் ஓர் அழைப்பும் வராமலிருக்க எவ்வளவு வாய்ப்பு?

20 நிமிடத்துக்குச் சராசரி 1. அதனால் ஒன்று வந்தே தீரும் என்று நினைத்துவிடாதீர்கள். 20 நிமிடத்தை 1,200 நொடிகளாக நறுக்கிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட நொடியில் அழைப்பு வர வாய்ப்பு 1,200-இல் ஒன்று, வராமலிருக்க 1199/1200. 1,200 நொடியும் தொடர்ந்து வராமலிருக்க அந்தப் பின்னத்தை 1,200 முறை பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் தட்டினால் 0.368 வரும். நொடியை இன்னும் பொடியாக நறுக்கினாலும் விடை அங்கேயே நிற்கும். அதுதான் 1/e, அதாவது 1/2.718.

ஆக 37 சதவீதம். சரியாக ஒரே அழைப்பு வரவும் அதே 37தான். இரண்டு வர 18, மூன்றோ அதற்கு மேலோ வர 8. ஒரு மணி நேரம் முழுக்க போன் அடிக்காமலிருக்க, சராசரி 3 என்பதால், 1-ஐ e-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும்: 5 சதவீதம். பாய்சான் பரவல் என்று பாடத்தில் படித்தது இதைத்தான். ஒன்று மட்டும் கவனம்: அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் வர வேண்டும். சர்வர் படுத்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அன்றைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

"நூறாண்டு வெள்ளம்" ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுக்குக் கவலையில்லையா?

இல்லை. பெயர்தான் குழப்புகிறது. எந்த ஓர் ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால்? 30 × 1 = 30 சதவீதம் என்று பெருக்கிவிடுகிறோம். அப்படியே போனால் 150 ஆண்டுக்கு 150 சதவீதம் வரும்! "வராது" என்பதைத்தான் பெருக்க வேண்டும்: 0.99-ஐ 30 முறை பெருக்கினால் 0.74. ஆகவே ஒருமுறையாவது வர 26 சதவீதம். நூறு ஆண்டுக்கே 63 சதவீதம்தான்.

ரொம்ப நாளாகப் பழுதாகாத இயந்திரம் சீக்கிரம் பழுதாகுமா?

தேய்மானத்தால் வரும் பழுது என்றால், ஆமாம். முழுக்கத் தற்செயலான பழுது என்றால் காத்திருந்த காலம் கணக்கில் சேராது. கார்பன்-14 அணு சிதைவதும் அப்படித்தான். அதன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 5,730 ஆண்டு. பத்தாயிரம் ஆண்டு சிதையாமல் இருந்த அணுவுக்கும் அடுத்த 5,730 ஆண்டில் சிதைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு.

மாதம் ஒன்றாக ஆண்டுக்கு 12 விபத்துகள் நடக்கும் இடம். இந்த மாதம் மட்டும் மூன்று. ஏதோ கோளாறு இருக்கிறதுதானே?

இருக்கலாம். ஆனால் இந்த மூன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 12 நிகழ்வுகள் தாமாகவே மாதத்துக்குச் சரியாக ஒன்று என்று வந்து உட்கார வாய்ப்பு சுமார் 18,600-இல் ஒன்று! கொத்துக் கொத்தாக வருவதுதான் தற்செயலின் இயல்பு.

இரண்டாம் உலகப்போரில் லண்டனின் தென்பகுதியில் விழுந்த பறக்கும் குண்டுகளை ஆர். டி. கிளார்க் இப்படித்தான் ஆராய்ந்து 1946-இல் வெளியிட்டார். குண்டுகள் சில இடங்களைக் குறிவைத்தது போல விழுகின்றன என்ற பேச்சு அப்போது இருந்தது. அவர் அந்தப் பகுதியை 576 சம சதுரங்களாகப் பிரித்தார், விழுந்தவை 537. சும்மா தூவினாலே சுமார் 227 சதுரங்கள் காலியாக இருக்க வேண்டும். உண்மையில் 229 காலி. நான்கோ அதற்கு மேலோ விழுந்தவை ஏறக்குறைய 9 இருக்க வேண்டும், இருந்தவை 8. குறிவைத்த தடயமே இல்லை.

பத்து ஆண்டில் ஒருமுறைகூட நடக்கவில்லை. வாய்ப்பு பூஜ்யம் என்று எழுதிவிடலாமா?

வேண்டாம். 3-ஐ ஆண்டுகளால் வகுங்கள்: 0.3. உண்மையான சராசரி ஆண்டுக்கு 0.3, அதாவது பத்து ஆண்டுக்கு 3 ஆகவே இருந்தாலும், பத்து ஆண்டும் ஒன்றும் நடக்காமல் போக, முதல் பதிலில் போன் அடிக்காத ஒரு மணி நேரத்துக்கு வந்த அதே 5 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் "ஆண்டுக்கு 0.3-க்கு மேல் இருக்காது, 95 சதவீத நம்பகத்துடன்" என்று எழுதலாம்.