சொல்லாமல் விட்ட மாத்திரை

அன்புள்ள ஐயா,

நான் தர்மபுரி பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. வினாத்தாள் தயாரிப்பது, விடுப்புக் கடிதம் எழுதுவது, மீந்த சோற்றை என்ன செய்யலாம் என்று கேட்பது, எல்லாவற்றுக்கும் எனக்குச் சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலிதான். நான்கு மாதமாக, ராத்திரி எல்லோரும் தூங்கியதும் மனதில் இருப்பதையும் அதில் கொட்டுகிறேன். மனநல மருத்துவரிடமும் போகிறேன். அவர் முன்னால் உட்கார்ந்தால் ‘பரவாயில்லை டாக்டர்’ என்பதுதான் வாயில் வருகிறது. வகுப்பில் தூக்கம் தூக்கமாக வந்ததால் மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். அதைச் செயலியிடம் சொன்னேன், டாக்டரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நாளைக் காலையே மருத்துவமனைக்குப் போன் செய்து நிறுத்தியதைச் சொல்லுங்கள். நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். நீங்கள் ‘பரவாயில்லை’ என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அவர் குறித்துக்கொள்வார். ஒருநாள் தாங்காமல் ‘சரியாகவே இல்லை’ என்றால், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். இரண்டுமே நீங்கள் சாப்பிடாத மாத்திரையை வைத்துப் போட்ட கணக்கு. பகல் தூக்கம் இந்த மருந்துகள் பலவற்றில் வருவதுதான். நேரத்தை மாற்றியோ, அளவைக் குறைத்தோ, வேறு மருந்து கொடுத்தோ சரிசெய்ய அவருக்கு வழி உண்டு. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டுமே.

என்ன நினைப்பார் என்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டார். நன்றாக வருகிறது என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி, “மூணு மணிக்கு மொட்டைமாடியில நடந்துட்டு இருக்காரு டாக்டர்” என்றாள். அவர் திட்டவில்லை. எழுதிய வரியை அடித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, “சரி, மூணு மணியிலிருந்து சொல்லுங்க” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு வைத்தியம் ஆரம்பித்தது.

இயந்திரத்திடம் மனசு திறந்ததற்கு வெட்கப்படவே வேண்டாம். 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்று ஒரு கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்கியதைப் பல மாதம் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்ச நேரம் பேசியதும், நீங்கள் வெளியே போங்கள் என்று அவரிடமே சொல்லியிருக்கிறார். முகம் சுளிக்காத ஒன்றிடம் பேசுவது அத்தனை சுலபம். ஆனால் உங்கள் கை நடுங்குவதும் நீங்கள் இளைத்திருப்பதும் அதன் கண்ணில் படாது. மருந்துச் சீட்டை மாற்றவும் அதனால் முடியாது.

அதே செயலியை இப்படியும் பயன்படுத்தலாம். இந்த நான்கு மாதம் சொன்னதைப் பத்து வரியில் சுருக்கித் தரச் சொல்லுங்கள். பிறகு நீங்களே கையால் திருத்துங்கள், இது முக்கியம். ‘நெஞ்சில் கல்லு வச்ச மாதிரி இருக்கு’ என்று நீங்கள் சொன்னதை அது ‘மன அழுத்தம்’ என்று எழுதியிருக்கும். கல்லைத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். டாக்டருக்கு வேண்டியது அந்தக் கல்தான். வாய் வரவில்லை என்றால் உட்கார்ந்ததும் அந்தத் தாளை மேஜைமேல் வைத்துவிடுங்கள். செயலியிடம் பேசுவதையும் அதில் ஒரு வரி எழுதுங்கள்.

அரசுப் பள்ளியில் வேலை, விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில்தான் விலக்கு. போனில் நீங்கள் தட்டச்சு செய்வதற்கு அந்தச் சட்டத்தின் காவல் கிடையாது.

ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

போன் செய்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.