மகள் புவியியல் கேட்கிறாள்: தூத்துக்குடி அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மேற்படிப்புக்கு யோசனை கேட்டுப் போன சனிக்கிழமை மகளோடு வந்திருந்தீர்கள். வெளியே இன்னும் நாலு குடும்பம் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் கேட்டது மட்டும் மனதில் தங்கிவிட்டது. "ஜாக்ரஃபி படிச்சா டீச்சர் வேலைய விட்டா வேற என்ன சார் இருக்கு? அதுலயும் பொலிட்டிக்கல், எக்கனாமிக்னு ஏதோ சொல்லுதா."

அந்த 'ஏதோ', அதாவது அரசியல் புவியியலும் பொருளாதாரப் புவியியலும், உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. நீங்கள் உலர்பூ ஏற்றுமதி செய்கிறவர். 2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், சூயஸ் வழியாக ஐரோப்பா போகவேண்டிய சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம், ஃப்ரைட், அதாவது கப்பல் கட்டணம், எகிறியது, அந்தச் சீசன் கையைக் கடித்தது என்று என்னிடமே சொன்னீர்கள். ஏமனில் நடக்கிற சண்டை தூத்துக்குடி குடோனில் பூ பிரிக்கிற பெண்களின் கூலி வரைக்கும் எப்படி வந்து சேர்கிறது என்று கேட்பதுதான் உங்கள் மகள் படிக்க நினைக்கும் படிப்பு.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் கண்டெய்னர் பெரும்பாலும் ஃபீடர் என்கிற சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே மதர் வெசல் என்கிற பெரிய கப்பலில் ஏறுகிறது. ஏன் அங்கே? கிழக்கையும் மேற்கையும் இணைக்கிற கப்பல் பாதை கொழும்பை ஒட்டிப் போகிறது. நம் துறைமுகத்தின் ஆழமோ பெரிய கப்பல்களுக்குப் போதவில்லை. இது பாதிக் காரணம்தான். மீதி அரசியலும் பணமும். கொழும்பில் 18 மீட்டர் ஆழத்தில் புது முனையம் கட்டி 2013-ல் திறந்தார்கள், சீன நிறுவனம் பங்கு போட்டது. இங்கே கடலை ஆழப்படுத்தி நமக்கும் இலங்கைக்கும் நடுவே கப்பல் விட 2005-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் வழக்கில் சிக்கி நின்றது. இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம், 2025 மே 2 அன்று முறைப்படி திறந்தாயிற்று. பன்னாட்டுக் கப்பல் பாதைக்குச் சுமார் 10 கடல் மைல் தூரம்தான், இயற்கையிலேயே ஆழம் உண்டு. கொழும்பின் சரக்கில் எவ்வளவு அங்கே நகரும், அதற்கு இலங்கை என்ன செய்யும், தூத்துக்குடிக்கு என்ன மிஞ்சும்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆளைக் கப்பல் கம்பெனியும் தேடும், அரசாங்கமும் தேடும், வங்கியும் தேடும்.

அரசியல் புவியியல் என்றதும் கட்சி அரசியல் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லைக்கோட்டை யார் எங்கே போட்டார்கள், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பது அதன் அடிப்படைக் கேள்வி. 1974-ல் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனதும், இன்று வரை ராமேஸ்வரத்து மீனவர் பிடிபடுவதும் அந்தக் கேள்விக்குள் வரும். மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடம் என்பது 1971 கணக்கெடுப்பை வைத்து நிறுத்திவைத்த எண்ணிக்கை. தொகுதி மறுவரையறைச் சண்டை முழுக்க இந்தப் பாடம்தான். பொருளாதாரப் பக்கத்தில், பனியன் தொழில் ஏன் திருப்பூரிலேயே போய்க் குவிகிறது, பக்கத்து ஊருக்கு ஏன் பரவவில்லை என்பது போன்ற கேள்விகள். ஒரு தொழில் எந்த இடத்தில் சேரும் என்பதை ஆராய்ந்ததற்கும் சேர்த்துத்தான் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் க்ருக்மனுக்கு 2008-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

சரி, இனிப்பைச் சொல்லியாயிற்று. இனி கசப்பு.

இளநிலையில் இது தனிப் பட்டம் கிடையாது. புவியியல் பட்டத்துக்குள் ஓரிரு தாள்களாக வரும். மீதிக் காலம் பாறை, ஆறு, காற்று, நிலவரைபடம். அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். சில இடங்களில் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்வதோடு சரி. எனவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ரெண்டு பேரைப் பிடித்து, "லேபில் கம்ப்யூட்டரில் மேப் போடுகிறீர்களா, இல்லை டிரேசிங் பேப்பர்தானா?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் போதும்.

சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் ராணி மேரிக் கல்லூரியிலும் இந்தத் துறை பழையது. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. செலவு குறைவு. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், அப்புறம் டெல்லி. அங்கே ஜேஎன்யுவில், அதாவது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், வட்டார வளர்ச்சி ஆய்வு மையம் என்று ஒன்று 1971-லிருந்து இருக்கிறது. மகள் கேட்கிற அரசியல், பொருளாதாரப் பக்கத்துக்கு என் கணக்கில் முதல் இடம் அதற்குத்தான். டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸிலும் புவியியல் துறை உண்டு. இரண்டுக்கும் கியூட் என்கிற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லியா என்று வீட்டில் அம்மா முகம் மாறும், தெரியும். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

மூன்று வருடப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வேலை என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஐந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து வருடத்தில் கையில் ரெண்டு வேலை பழகியிருக்க வேண்டும். ஒன்று ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடத்தோடு தகவலைச் சேர்த்து ஆராய்வது. க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம், இன்றே வீட்டு லேப்டாப்பில் போட்டுத் தரலாம். இரண்டாவது புள்ளியியல். கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸுக்கு ஓடி வருகிற பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த ரெண்டும் இருந்தால், கிடங்கு எங்கே வைப்பது என்று பார்க்கிற லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம், வெளிநாட்டு நிலவரத்தைக் கவனித்து முதலாளிகளுக்கு எச்சரிக்கை சொல்கிற ஆலோசனை நிறுவனம், நகரமைப்பு என்று வாசல்கள் திறக்கும். புவியியல் முதுநிலை முடித்து எம்.பிளான் என்கிற நகரமைப்பு முதுநிலைப் படிப்புக்குப் போய் நகரமைப்பாளர் ஆகிறவர்களும் இருக்கிறார்கள். யுபிஎஸ்சியில் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்தால் அதற்கு மட்டும் 500 மதிப்பெண். வெறும் ஜிஐஎஸ் ஆபரேட்டராக நுழைந்தால் தொடக்கச் சம்பளம் சுமார்தான். உங்கள் மருமகன் ஐடியில் வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்த்து மனம் நோக வேண்டாம். டீச்சர் வேலையையும் அவ்வளவு அலட்சியமாகச் சொல்லாதீர்கள் அண்ணாச்சி, டிஆர்பி என்கிற ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வை எழுதிவிட்டு அதற்குக் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். உங்கள் குடோனிலிருந்து ஒரு பெட்டி நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் போய்ச் சேரும் வரை எங்கெங்கே நிற்கிறது, ஒவ்வொரு இடத்திலும் யாருக்குக் காசு போகிறது என்று ஒரு வரைபடமும் ரெண்டு பக்கமும் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. கேட்டால் பில்களை மட்டும் காட்டுங்கள். 'இதில் யாருக்கு நஷ்டம்' என்று தானாகவே கேட்டு வந்தாளானால், அரசியல், பொருளாதாரப் புவியியல் அவளுக்குச் சரி. வரைபடம் போடுவதிலேயே ராத்திரி பன்னிரண்டு ஆனால் ஜிஐஎஸ் பக்கம் போகட்டும். ரெண்டு வாரமாகியும் தாள் காலியாகவே இருந்தால், பி.காம். பற்றிப் பேசலாம், அதிலும் தப்பில்லை.

ஒரு விஷயம் விட்டுப்போனது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர்களைச் சேர்ப்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பம் போடும் முன் தகுதிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ரெண்டு பக்கத்தையும் எழுதியதும் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு நானே அவளிடம் பேசுகிறேன்.