மூணும் நாலும் குடுத்தா அஞ்சு வரணும், 2.64 ஏன் வருது?

கேள்வி: எங்க ஆயா வீட்லயே தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் எல்லாம் போட்டு ஆர்டருக்கு அனுப்புறாங்க. டெலிவரி சார்ஜ் போட பைத்தான்ல தூரம் பாக்குற ஃபங்ஷன் ஒண்ணு எழுதுனேன். (0,0), (3,4) குடுத்தா 2.64னு பிரிண்ட் ஆகுது, அதை 10 ரூபாயால பெருக்கப் போனா 'நன்டைப்' (NoneType)னு எர்ரர். எங்க தப்பு?
- வாசகி, காரைக்குடி

பதில்: அந்த 2.64தான் தப்பைக் காட்டிக் குடுக்குதும்மா. வர்க்கத்துக்கு ^ போட்டிருக்கீங்க. எக்செல்ல அது சரி, ஆனா பைத்தான்ல அது எக்ஸ்-ஆர், பிட் பிட்டா ஒப்பிடுற வேலை, அதுவும் கூட்டல் முடிஞ்ச பிறகுதான் நடக்கும். அதனால 3^2+4^2-ல முதல்ல நடுவுல இருக்குற 2+4=6, அப்புறம் 3^6=5, அப்புறம் 5^2=7, ஏழோட ரூட் 2.64 சொச்சம். ^ இருக்குற ரெண்டு இடத்துலயும் **  போடுங்க. 3.5 மாதிரி குடுத்திருந்தா உடனே எர்ரர் அடிச்சிருக்கும், முழு எண்ணுங்கறதால சத்தமே இல்லாம தப்பு விடை வந்துருச்சு, இந்த மாதிரி தப்புதான் எனக்கு ரொம்ப பயம்.

பெருக்க முடியாததுக்குக் காரணம், ஃபங்ஷனுக்குள்ள பிரிண்ட் மட்டும் இருக்கு. அது திரையில காட்டும், கையில குடுக்காது, 'நன்'னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். கடைசி வரியில ரிட்டர்ன் போடுங்க.

இன்னொன்னு, நீங்க கேக்கல, ஆனா அடுத்து அங்கதான் மாட்டுவீங்க. மேப்ல இருந்து காரைக்குடி 10.07, 78.78, மதுரை 9.93, 78.12னு எடுத்துப் போட்டா 0.67னு வரும். அது கிலோமீட்டர் இல்ல, டிகிரி. ஒரு டிகிரிக்கு சுமார் 111 கி.மீ.ன்னு பெருக்குனா 75 கி.மீ., நம்ம பக்கம் இது ஓரளவு ஒத்துப்போகும், ஆனா வடக்க போகப் போக தீர்க்கரேகை நெருங்கிக்கிட்டே போகும், ஸ்ரீநகர் பக்கம் அதே ஒரு டிகிரி சுமார் 92 கி.மீ.தான். வெளியூர் ஆர்டர் எடுக்குறதா இருந்தா உருண்டையான பூமி மேல தூரம் கணக்குப் போடுற ஹாவர்சைன் சூத்திரம் போடுங்க, பூமியோட ஆரம் 6371 கி.மீ., சைன், காஸுக்குள்ள போடுறதுக்கு முன்னாடி டிகிரியை ரேடியனா மாத்த மறந்துராதீங்க. மதுரைக்கு 74 கிட்ட வரும்.

அதுவும் காக்கா பறக்குற தூரம்தான். வண்டி திருப்பத்தூர், மேலூர்னு சுத்தித்தான் போகணும், அதனால சார்ஜை ரோட்டு தூரத்தை வச்சே போடுங்க, இல்லேன்னா ஆயாவுக்குக் கைநட்டம். இப்ப ரெண்டு திருத்தத்தையும் போட்டுட்டு மறுபடி 3, 4 குடுத்துப் பாருங்க, 5.0 வந்த பிறகு மதுரைக்குப் போலாம்.