நம் மாவட்டத்து மக்கள்தொகையே உள்ள லாட்வியா: உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி, கேள்வி பதில்

நான் பிறந்தது குளச்சல். அப்பா துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் ஆபரேட்டர். அந்த வேலையைப் பார்த்தே வளர்ந்தேன், அதே தொழிலைப் படித்தேன், கனடாவில் பதினான்கு வருடம் ஐஸ் அரங்குகளின் குளிரூட்டும் இயந்திரங்களைக் கவனித்தேன். இப்போது ஊரோடு இருக்கிறேன். அங்கே இருந்த காலத்தில் என் மனசைப் பிடித்துக்கொண்டது உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப். போன வாரம் ஊர் வாசகசாலையில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்த பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. எழுதிக் கொடுத்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தக்கலை, பள்ளி ஹாக்கி அணி மாணவர்: அண்ணா, 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை மக்களே. அது நீ ஆடும் ஹாக்கி. அதில் ஜெர்மனி கோப்பை வென்றது, நம் பிள்ளைகள் வெண்கலம் வாங்கினார்கள். நான் சொல்வது பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது. கோல் கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பந்து கிடையாது, 'பக்' என்ற கெட்டி ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலக் கனம். ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் உறைய வைப்பார்கள், இல்லாவிட்டால் துள்ளும். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி ஆட்டம். உனக்கு மட்டையின் தட்டையான பக்கம் மட்டும்தானே அனுமதி? இங்கே இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம். கோலுக்குப் பின்னாலும் இடம் உண்டு, அங்கேயும் ஆட்டம் ஓடும். உனக்கு ரொம்பப் பிடிக்கப் போவது ஆள் மாறும் விதம். முக்கால் நிமிடம் முழு மூச்சாக ஓடிவிட்டு ஒருவர் பெஞ்சுக்குத் திரும்புவார், அடுத்தவர் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பார். ஆட்டம் நிற்காது.

கருங்கல், ஒரு வாசகி: ஜூனியர் என்றால் எத்தனை வயதுப் பிள்ளைகள், அண்ணே?

போட்டி தொடங்கும் வருடத்தின் டிசம்பர் 31 அன்று 20 வயது நிறைந்திருக்கக் கூடாது. அதனால் 18, 19 வயதுக்காரர்கள்தான் அதிகம். திறமை இருந்தால் இன்னும் சின்ன வயதிலும் வரலாம். கனடாவின் கானர் பெடார்ட் 16 வயதிலேயே வந்துவிட்டார். கோல் போட்டாலும், கோல் போடுபவருக்குப் பக்கைக் கடத்தி உதவினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 2023 போட்டியில் ஏழு ஆட்டங்களில் அவருக்கு 9 கோல், 14 உதவி, ஆக மொத்தம் 23 புள்ளி. ஆனால் எல்லாக் காலத்துக்குமான சாதனை ஸ்வீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் கையில் இருக்கிறது. 1993-இல் அவர் எடுத்த 31 புள்ளியை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

வயதைப் பற்றிக் கேட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019 காலிறுதி, வான்கூவர். கூடுதல் நேரத்தில் கனடாவுக்கு ஒரு பெனால்டி ஷாட் கிடைத்தது. அடித்தவர் அணியின் கேப்டன் மாக்ஸிம் கோம்ட்வா, வயது 19. கோல் விழவில்லை. அப்புறம் பின்லாந்து கோல் போட்டு வென்றது, அந்த வருடக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு இரவே அந்தப் பையனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆட்கள் கூடி வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தோளில் காயத்தோடு அவர் ஆடியது பிறகுதான் வெளியே தெரிந்தது. நான் வேலை பார்த்த அரங்கில் காலை ஐந்து மணிக்குப் பயிற்சிக்கு வரும் பையன்களும் அதே வயதுதான். தூக்கக் கலக்கத்தில் ஸ்கேட் கயிறு கட்டுவதை தினமும் பார்த்தவன் நான். அந்தத் திட்டுகளை என்னால் வாசிக்க முடியவில்லை. நீங்கள் பார்க்கும்போது யாராவது தவறவிட்டால், நம் வீட்டுப் பிள்ளை தவறவிட்டது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சல், ஐஸ் பிளாண்டில் வேலை பார்ப்பவர்: அண்ணாச்சி, அவ்வளவு பெரிய தளத்தை எப்படி உறைய வைக்கிறார்கள்? நம்ம பிளாண்டு மாதிரியேவா?

தம்பி, அப்படியே நம்ம பிளாண்டுதான். இங்கே என்ன செய்கிறோம்? கம்பிரசர் அமோனியாவை அழுத்துகிறது, அமோனியா தொட்டியில் இருக்கும் உப்புத் தண்ணீரைக் குளிரவைக்கிறது, அந்தத் தண்ணீருக்குள் நிற்கும் தகர அச்சில் கட்டி உறைகிறது. அங்கே அதே குளிர்ந்த உப்புநீரைச் சிமென்டுத் தரைக்கு அடியில் பதித்திருக்கும் குழாய்களுக்குள் ஓட்டுகிறார்கள். தரை முழுக்க உறைநிலைக்குக் கீழே போய்விடும். மேலே தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளிப்பார்கள், அது உறைந்த பிறகு அடுத்த படலம். நடுவில் வெள்ளைச் சாயம், கோடுகள், அதற்கு மேலே மறுபடியும் தண்ணீர். சாயம் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் சிமென்டுதான் தெரியும்.

கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் மூன்று சென்டிமீட்டர், அவ்வளவுதான். 60 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலத் தளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார், ஏறத்தாழ 47,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் நாலு லோடு. ஆனால் அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் வேலை. நான் இருந்த அரங்கில் ஒரு டிசம்பர் இரவு உப்புநீர் பம்ப் நின்றுவிட்டது. மறுநாள் காலை பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டி. விடிய விடிய மூன்று பேர் நின்று பம்பைப் பிரித்து மாட்டினோம். காலையில் ஐஸ் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, ஆனால் ஆட்டம் நடந்தது. அப்பா உயிரோடு இருந்தார் அப்போது. போனில் சொன்னேன், "கட்டி உருகுற சத்தம் எனக்கு இங்கேயே கேக்குது" என்றார்.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். ஆட்ட இடைவேளையில் ஒரு வண்டி வந்து தளத்தைச் சுரண்டி, கழுவி, மேலே சுடுதண்ணீர் பூசிவிட்டுப் போகும். அதன் பெயர் ஜாம்போனி. அதைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஜாம்போனி கலிபோர்னியாவில் நம்மைப் போலவே கட்டி ஐஸ் தொழில் செய்தவர். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை குளிர்பதனப் பெட்டி வந்ததும் கட்டிக்கு வியாபாரம் குறைந்தது. கையில் இருந்த தொழிலைக் கொண்டே சறுக்கு அரங்கு கட்டினார். தளத்தை மூன்று நாலு ஆட்கள் கையால் செப்பனிடுவது தாமதமாகிறது என்று 1949-இல் அந்த வண்டியைச் செய்து முடித்தார். சுடுதண்ணீர் ஏன் என்று கேட்பாய். அது மேல்பரப்பை லேசாக உருக்கி, கீறலுக்குள் இறங்கி, பழைய ஐஸோடு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடுக்காக நிற்கும், அப்புறம் பெயர்ந்து வரும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்: கனடா, அமெரிக்கா, ஸ்வீடன் என்று பெரிய நாடுகளே ஜெயிக்கும் போட்டியில் சின்ன நாடுகள் எதற்கு? பத்துக்குப் பூஜ்யம் என்று தோற்பதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

சார், நல்ல கேள்வி. ஜெயித்த கணக்கு நீங்கள் சொல்வது போலத்தான். அதிகாரபூர்வமாக 1977-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் கனடா மட்டும் 20 முறை தங்கம் வாங்கியிருக்கிறது.

ஆனால் 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். லாட்வியா என்ற நாட்டு மக்கள் எல்லாரையும் எண்ணினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் இருக்கிற ஆட்களை வைத்து ஒரு தேசிய அணி கட்டுவதாக நினைத்துப் பாருங்கள். அந்த அணி 2024 டிசம்பர் 27 அன்று ஒட்டாவாவில், கனடாவின் சொந்த ஊரில், கனடாவோடு மோதியது. அதற்கு முன் இந்தப் போட்டியில் கனடாவை அவர்கள் ஒரு முறைகூட வென்றதில்லை. கனடா அடித்துக்கொண்டே இருந்தது. லாட்வியாவின் கோல் கீப்பர் லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் கோலை நோக்கி வந்த 55 ஷாட்டுகளைத் தடுத்தார். ஆட்டம் 2-2, கூடுதல் நேரத்திலும் முடியவில்லை, ஷூட் அவுட், அதாவது ஒவ்வொருவராக வந்து கோல் கீப்பரோடு தனியாக மோதுவது. அதில் ஒன்றுகூட அவரைத் தாண்டிப் போகவில்லை. லாட்வியா வென்றது. அரங்கத்தில் அப்படியே பேச்சு மூச்சு இல்லை. கனடா அந்தப் போட்டியின் காலிறுதியில் செக் அணியிடம் 4-3 என்று தோற்று வீட்டுக்குப் போனது.

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது சார், எனக்கு அதுதான் பெரிது. மொத்தம் பத்து அணிகள், ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நாலு அணி காலிறுதிக்குப் போகும். கடைசி இடத்தில் இருக்கும் இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். தோற்றால் அடுத்த வருடம் கீழ் டிவிஷன். 2025-இல் அப்படி ஜெர்மனியும் கஜகஸ்தானும் ஆடின, கூடுதல் நேரத்தில் ஜெர்மனி தப்பியது, கஜகஸ்தான் இறங்கியது. இப்போது வயது விதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தக் களத்தில் நிற்கும் 19 வயதுப் பையன் அடுத்த வருடம் எந்த டிவிஷனிலும் ஆட முடியாது, வயது தாண்டிவிடும். அவனுக்கு மெடலும் கிடையாது. பின்னால் வரப்போகும் பதினேழு வயதுப் பையன்கள் மேலே ஆட வேண்டும் என்பதற்காகவே அவன் பக்கின் முன்னால் உடம்பைப் போட்டு விழுகிறான். இறுதிப் போட்டியை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு முறை இந்த ஆட்டத்தைப் பாருங்கள்.

திங்கள்நகர், கல்லூரி மாணவர்: மாமா, ஐஸ் ஹாக்கி என்றாலே அடிதடி என்கிறார்களே?

வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வது அது. சர்வதேச விதியில் கைகலப்பில் இறங்கினால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுவார்கள். தோளால் மோதுவது சரிதான், தலையில் மோதக் கூடாது. சின்னத் தவறுக்கு இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், எதிரணிக்கு அந்நேரம் ஒரு ஆள் கூடுதல்.

ஒரே ஒரு முறை எல்லை மீறியது. 1987 ஜனவரி 4, இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் பியஷ்த்யானி. கனடாவும் சோவியத் யூனியனும் ஆடிக்கொண்டிருந்தன, கனடா 4-2 என்று முன்னிலை. சண்டை கிளம்பி இரண்டு பெஞ்சும் காலியாகி மொத்த ஆட்களும் உள்ளே இறங்கிவிட்டார்கள். நடுவர்களால் முடியவில்லை, அரங்கத்தின் விளக்கையே அணைத்துப் பார்த்தார்கள். இரண்டு அணிகளையும் போட்டியை விட்டே நீக்கினார்கள். தங்கம் பின்லாந்துக்குப் போனது.

அதே கருங்கல் வாசகி: பிள்ளைகளுக்குக் காயம் படாதா?

படும் அக்கா, மறைக்க மாட்டேன். ஸ்கேட்டின் அடித்தகடு நம் மீன் வெட்டும் கத்தி போல இருக்கும். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேட் வெட்டி இறந்துபோனார். கழுத்துக் காப்பு ஜூனியர்களுக்கு முன்பே கட்டாயம். அதற்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளில் எல்லா வயதினருக்கும் ஆக்கிவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் முகம் முழுக்க மூடும் காப்பும் வேண்டும். அணியில் யார் வயதில் சின்னவர் என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இரணியல், ஒரு வாசகர்: இந்தியா இதில் ஆடுகிறதா?

இந்த ஜூனியர் போட்டியின் மேல்தட்டில் இல்லை. ஆனால் இந்தியா 1989 முதல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பு நாடு. நம் ஐஸ் ஹாக்கியின் உயிர் லடாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் குளம் உறையும்போது இரண்டு மூன்று மாதம் ஆடுவார்கள், வெயில் ஏறியதும் முடிந்தது. வருடம் முழுக்கப் பழகச் செயற்கைத் தளம் வேண்டும், நாட்டில் அது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. டேராடூனில் 2011-இல் சர்வதேச அளவில் ஒன்று கட்டி, பல வருடம் பூட்டிக் கிடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். இயந்திரம் ஓடாமல் கிடந்தால் துருப்பிடிக்கும், பிள்ளைகளின் வயது காத்திருக்காது. 2025-இல் அதை மறுபடி திறந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் நம் பெண்கள் அணி 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. உறைந்த குளத்தில் பழகிய பெண்கள் வாங்கிய மெடல் அது. அதைப் பற்றி நம் பேப்பர்களில் இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும்.

குளச்சல், ஒரு பள்ளி மாணவி: மாமா, எங்களுக்கு இங்கே பழக வழி உண்டா?

ஐஸ் இல்லை மோளே, ஆனால் சக்கர ஸ்கேட் இருக்கிறது. ஒரே வரிசையில் நாலு சக்கரம் உள்ள ஸ்கேட் வாங்கி, சிமென்டுத் தளத்தில் பழகு. லடாக்கிலும் கோடையில் சக்கரத்தில்தான் பழகுகிறார்கள். முதல் மாதம் மட்டையைத் தொடாதே. நிற்கவும், திரும்பவும், முக்கியமாக விழுந்து எழவும் படி. முட்டிக் காப்பும் ஹெல்மெட்டும் இல்லாமல் இறங்காதே. பள்ளி மைதானத்து மேடையைச் சாயங்காலம் தருவார்களா என்று கேட்டு வை, ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சொல்லித் தருகிறேன்.

நாகர்கோவில், அதே ஆசிரியர்: அந்தக் கடைசி இட ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, எப்போது, எத்தனை மணிக்கு?

வருடா வருடம் டிசம்பர் 26 அன்று தொடங்கும் சார், ஜனவரி முதல் வாரத்தில் முடியும். நம் வீடுகளில் குடிலும் ஸ்டாரும் இன்னும் கழற்றியிருக்க மாட்டோம், பிள்ளைகளுக்கும் லீவுதான். 2027 போட்டி கனடாவின் எட்மன்டனிலும் ரெட் டியரிலும் நடக்கிறது, அதாவது 2026 டிசம்பர் 26 அன்றே தொடங்கிவிடும். குளிர்காலத்தில் எட்மன்டன் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை எட்டு மணி. மத்தியான ஆட்டம் என்றால் நள்ளிரவு தாண்டிவிடும். பிரிவு ஆட்டங்கள் முடிந்து, காலிறுதிக்கு முன்போ அதே நாளிலோ கடைசி இட ஆட்டம் வரும். அந்த வாரம் எனக்கு ஒரு போன் போடுங்கள், நாளும் நேரமும் பார்த்துச் சொல்கிறேன்.